சேற்றுவெளிக்கு ஒரு கருமாதி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது துணி காயவைக்கும் மிஷினுக்கு முன்னால். காசு போட்டால் துவைத்துத் தரும் கடை அது. வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் மழை பெய்கிற எங்கள் ஊரில் தேவாலயத்தைவிட அங்கேதான் கூட்டம் அதிகம். என் போர்வை உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் எதிர்வீட்டு ஹோரஸ். எழுபத்து மூன்று வயது, டிப்பர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். சும்மா உட்கார்ந்திருந்தவர் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டி, "இது நான் போட்டதாக்கும்" என்றார்.

"டைல்ஸா?"

"டைல்ஸ் இல்லய்யா எழுத்துக்காரா. அதுக்கும் கீழ. இந்தப் பூமி."

பிறகு ஏழு வாக்கியம் சொன்னார். எண்ணிக்கொண்டே கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் எழுதிவைத்தபோது ஏழுதான் தேறியது. அதன் சாரம் இதுதான்: இருபத்து நான்கு வயதில், கூலிக்கு, தன் சொந்த அத்தை வீட்டு முன்னால் இருந்த கடலை அவர் கல் கொட்டி மூடினார். ஒரு வருஷம் கழித்து அத்தை அவரை விருந்துக்கு அழைத்தாள். அவர் போகவில்லை.

ஏழாவது வாக்கியம் மட்டும் எனக்கானது. "நீ என்னிக்காவது இத எழுதினா, என்னைப் படியேற வச்சிரு."

சரி என்று தலையாட்டினேன். மிஷின் நின்றுவிட்டது, போர்வையை எடுக்க எழுந்துவிட்டேன். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதற்காக இன்றைக்கு வருத்தப்படுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

[1954 செப்டம்பரில், அலாஸ்காவின் தென்கிழக்கு மூலையில், கடல் தன் கடைசி மூச்சை]

கடல் மூச்சு எதையும் விடவில்லை. அது இருநூறு கெஜம் தள்ளி நன்றாகத்தான் இருக்கிறது. அடித்தாயிற்று.

இரண்டாவது முயற்சி:

[டிலிங்கிட் பழங்குடி மக்களின் கரைக் குடியிருப்பு அழிக்கப்பட்ட துயரக் கதை]

இப்படி ஆரம்பித்தால் சில்லறை மாற்றக்கூட இந்த ஊரில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். முப்பத்தோரு வருஷமாக இங்கே இருக்கிறேன், குடியிருப்பு அழியவில்லை. மேலே ஏறியிருக்கிறது, சுருங்கியிருக்கிறது, நனைந்த நாய் போலச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அழியவில்லை.

மூன்றாவது:

ஹோரஸுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

இது இருக்கட்டும். இதை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. பாதிக்கப்பட்டவன் தன்னைப் பாதித்த வேலையை ரசித்தான் என்று எழுத எழுத்தாளனுக்குக் கை வராது. ஆனால் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கோடைகாலம் முழுக்க மீன் டப்பா ஆலையில் சால்மன் வயிற்றைக் கீறிக் கீறி விரல் மரத்தவனுக்கு, புத்தம் புது டிப்பர் லாரி. உட்கார்ந்து செய்கிற வேலை. தலைக்கு மேல் கூரை. நெம்புகோலை இழுத்தால் பின்னால் நாலு டன் கல் தானாகச் சரியும். மலையடிவாரத்தில் மூடிப்போன தங்கச் சுரங்கம், வாசலில் மலைபோலக் குவித்துவைத்த கழிவுக் கல். அதை அள்ளிக்கொண்டு வந்து குடியிருப்புக்கு முன்னால் இருந்த சேற்றுவெளியில் கொட்ட வேண்டும். ஊர் நிர்வாகம் அங்கே சாலையும் கார் நிறுத்துமிடமும் போட முடிவு செய்திருந்தது. குளிர்காலத்தில் வேறு வேலை கிடையாது என்பதால் ஆட்களை அதே குடியிருப்பிலேயே எடுத்தார்கள்.

அந்தச் சேற்றுவெளி ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல், இரண்டு தடவை தரை. வீடுகள் மரத்தூண்களின் மேல் நிற்கும். தண்ணீர் ஏறினால் வீட்டுக்கு அடியிலேயே தோணியைக் கட்டலாம். வற்றினால் அதே இடத்தில் குனிந்து மட்டி தோண்டலாம். ஹோரஸின் வீட்டில் குழந்தைகளை மிரட்டுகிற வார்த்தையே, "ஓட்டையில போட்டுருவேன், தண்ணி வந்து தூக்கிட்டுப் போவும்" என்பதுதான். சமையலறைத் தரையில் மீன் குப்பை தள்ள ஒரு ஓட்டை எல்லா வீட்டிலும் இருந்தது.

கல் கொட்ட ஆரம்பித்த முதல் வாரம், வீடுகளிலிருந்து பெண்கள் கத்தினார்கள். "ஏண்டா, உன் வீட்டு ஓட்டையில எப்படா கொட்டப் போற?"

"உங்க வீட்ட முடிச்சிட்டு வரேன் பெரியம்மா!" என்று ஹோரஸும் ஜன்னல் வழியாகக் கத்துவான். சிரிப்புத்தான். அந்த மாதம் முழுக்கச் சிரிப்புத்தான் என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

3

அத்தையின் பெயர் அகஃபியா. அப்பாவின் அக்கா. ஐம்பத்தெட்டு வயது, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. கழுகுப் பக்கம். ஹோரஸ் அண்டங்காக்கைப் பக்கம்.*

* குடியிருப்பில் எல்லாரும் இந்த இரண்டு பக்கத்தில் ஒன்று, பிறக்கும்போதே இது முடிவாகிவிடும். அம்மா எந்தப் பக்கமோ பிள்ளையும் அந்தப் பக்கம். ஒரே பக்கத்தில் பெண் எடுக்க முடியாது, பங்காளி உறவு. சாவு விழுந்தால் பங்காளிகள் அழலாம், குழி தோண்டக் கூடாது. தோண்டுவது, பெட்டி தூக்குவது, மண் தள்ளுவது எல்லாம் எதிர்ப்பக்கத்தார் வேலை. வருஷம் திரும்பியதும் துக்க வீட்டார் அவர்களை அழைத்து உட்காரவைத்து, போனவருக்குப் பிடித்ததைப் பரிமாறுவார்கள். அவர்கள் வாங்கிச் சாப்பிட்டால்தான் துக்கம் இறங்கும். மாமன் மச்சான் கை படாமல் நம் வீடுகளில் ஒரு காரியம் நடக்குமா? அதே மாதிரிதான். இதற்குமேல் விளக்கம் கேட்காதீர்கள்.

கற்குவியல் அவள் வீட்டுக்கு ஒரு வீடு முன்னால் வந்து நின்ற நாள். மத்தியானம், தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. அகஃபியா படியிறங்கி வந்து லாரிக்கு முன்னால் நின்றாள்.

"டேய் மருமவனே, இறங்குடா கீழ."

"வேலை நேரம் அத்த. மேஸ்திரி பாக்குறான்."

"பாக்கட்டுமே. பாக்கவே கூடாத மூஞ்சியா என் மூஞ்சி? இறங்கு."

இறங்கினான். மேஸ்திரி குண்டர்சன் தூரத்தில் புகைக்குழாய் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அகஃபியாவோடு ஒருமுறை வாய் கொடுத்து அனுபவப்பட்டவன்.

"நாளைக்கு என் வீட்டு முன்னால கொட்டறது யாரு?"

"வெர்னன்."

"எந்த வெர்னன்?"

"என்ன அத்த, உன் அக்கா மவன் யாருன்னு என்னையக் கேக்குற?"

"அதத்தான் கேக்குறேன். என் அக்கா மவன் வந்து எங்க வீட்டுக் குழியில மண்ணு தள்ளலாமா? உன் ஆத்தா உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலயா?"

ஹோரஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குழியா? கார் நிறுத்த மேடு போடுறாங்க அத்த."

"மூடுறீங்கல்ல?"

"ஆமா."

"மூடினா திரும்பி வருமா?"

"வராது."

"அப்ப அதுக்குப் பேரு என்னடா?"

அவள் லாரியின் முன்விளக்கில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்துத் தன் பாவாடையில் துடைத்தாள்.

"எங்க ஆத்தாவுக்கு முன்னாலருந்து இது எங்களுக்குச் சோறு போட்டுச்சு. நாளைக்குப் போவுது. செத்தது எங்க வீட்டு ஆளு. வெர்னன் ஓரமா நின்னு அழட்டும், அது அவன் வேலை. போடுறது நீ போடு. உன் கையால போடு."

[இங்கே அகஃபியாவின் கண்ணில் நீர் தளும்பியது என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஹோரஸ் அப்படிச் சொல்லவில்லை. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுகிறவள், பக்கத்து வீட்டுக் கோழியைத் தன் கோழி என்று அடித்துச் சொல்கிறவள். இரண்டாவது வரைவில் அவளை நான் சிலையாக்கப் பார்த்தேன். சிலை யாரையும் சாப்பிடக் கூப்பிடாது.]

ஹோரஸ் மேஸ்திரியிடம் போய், வெர்னன் வண்டிக்குப் பிரேக் சரியில்லை, வீட்டுத் தூணில் இடித்துவிடுவான் என்று ஒரு பொய் சொன்னான். குண்டர்சன் தோளைக் குலுக்கிவிட்டு ஆளை மாற்றினான். சாயங்காலம் வெர்னன் சண்டைக்கு வந்தான்.

"என் பிரேக்குக்கு என்னடா கேடு, மச்சான்?"

"பிரேக்குக்கு ஒண்ணுமில்ல. உங்க சித்திதான், குழி, எதிர்ப்பக்கம், அது இதுன்னு சொல்லுது. கெழவிக்கு மறை கழண்டுருச்சுன்னு நினைக்கிறேன்."

வெர்னன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "சரி, நீயே போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் விடியலிலேயே அகஃபியா சேற்றில் இறங்கி மட்டி தோண்டியிருந்தாள். ஒரு வாளி. தலையில் கறுப்புத் துணி. ஹோரஸ் முதல் லோடோடு வந்தபோது வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறி மேலே நின்றாள். வெர்னன் ஓரமாக நின்றான். பதினோரு லோடு. கடைசி லோடு சரிந்ததும் அவள் தலையை ஆட்டி, "போதும். நல்லாப் போட்ட" என்றாள்.

[கல் சேற்றில் விழும் சத்தத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்தேன். எனக்கு அந்தச் சத்தம் தெரியாது. ஹோரஸிடம் கேட்டேன். "சத்தமே வரலய்யா. அப்படியே முழுங்கிருச்சு" என்றார்.]

4

"நல்லாப் போட்ட." அந்த ஒரு வார்த்தையை ஹோரஸ் ஒரு வருஷம் மென்றுகொண்டிருந்தான். பாராட்டா, குத்தலா? புருவத்தை உயர்த்தினாளா? குரலில் ஏதாவது இருந்ததா? முதல் மாதத்துச் சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. தோணிகளைக் கட்ட இடமில்லாமல் ஆட்கள் அரை மைல் நடந்தார்கள். தண்ணீர் வந்து அலசாத ஓட்டைக்குக் கீழே மீன் குப்பை நாறியது. ஹோரஸைப் பார்த்து யாரும் கத்துவதில்லை, கேலியும் செய்வதில்லை.

அடுத்த செப்டம்பரில் ஒரு மத்தியானம், சடங்கு உடை போட்ட இரண்டு பேர் ஹோரஸ் வீட்டு வாசலில் வந்து கோலால் தரையைத் தட்டினார்கள். அவனுடைய சர்ச் பெயரைச் சொல்லவில்லை. தாய்மாமன் வழியில் வந்த பெயரை, முழுப் பெயரை, உரக்கச் சொன்னார்கள். "எங்கள் துக்கத்தில் நீ மண் போட்டாய். அகஃபியா வீட்டில் உனக்கு இலை போட்டிருக்கிறது. வா."

(இலை இல்லை, தட்டு. என் கை பழக்க தோஷம். இருக்கட்டும்.)

அவன் மனைவி லூயிசாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஹோரஸுக்கு முகம் செத்துவிட்டது.

அன்று லாரி ஷெட்டில் சில்வெஸ்டர் என்கிற சக டிரைவர், இவன் பக்கத்துப் பங்காளி, ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னான்:

"போவாத. நம்ம ஊர்ல ஒருத்தன மானங்கெடுக்கணும்னா திட்டவா செய்வாங்க? கூப்பிட்டு நடுவுல உக்கார வப்பாங்க. மடி கொள்ளாத அளவுக்குக் கம்பளியா குடுப்பாங்க. எல்லாரும் பாப்பாங்க. இவன்தான்டா கடல மூடினவன்னு வாயத் தொறந்து ஒருத்தன் சொல்ல வேண்டாம். உன் பேரன் வரைக்கும் தல நிமிர மாட்டான்."

"அத்த அப்படிச் செய்யாது."

"உங்க அத்த கோழி திருடி."

இந்த இடத்தில் நான் நிறுத்த வேண்டும். சில்வெஸ்டர் என்று ஒருவர் கிடையாது. ஷெட் உண்டு, பீப்பாய் உண்டு, மேலே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஹோரஸ் மீது பழி விழாமல் இருக்க நான் ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். யாரோ கெடுத்தார்கள் என்றால் வாசகர் இவனை மன்னித்துவிடுவார் இல்லையா? இந்த இடத்தை மட்டும் எழுதி அவரிடம் வாசித்துக்காட்டியபோது ஹோரஸ் கேட்டுவிட்டு, "அந்த சில்வெஸ்டரு நல்லாப் பேசுறான். ஆனா அவ்வளவும் நான் எனக்கே சொன்னது" என்றார். அந்தப் பத்தியை அடிக்காமல் விடுகிறேன். என் புத்தி போகிற வழியையும் நீங்கள் பார்க்கத்தான் வேண்டும்.

அந்தச் சந்தேகம் முழுப் பைத்தியக்காரத்தனமும் இல்லை. அதிக மரியாதையால் ஒருவரைத் தலைகுனிய வைப்பது இங்கே நடக்கிற விஷயம்தான். வெளியூர்க்காரன் ஒருவனை அழைத்திருந்தால் சந்தோஷமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பான். ஊர்க்காரனாக இருந்ததால்தான் ஹோரஸ் இப்படித் தப்பாகப் புரிந்துகொண்டான்.

5

விருந்து நாள். லூயிசா கழுகுப் பக்கத்துப் பெண், பரிமாற வேண்டியவள். காலையிலேயே போய்விட்டாள். போகும்போது, "ரெண்டு மணிக்கு வந்துரு. அந்தப் பழுப்புச் சட்டையப் போடாத, வெள்ளையப் போடு" என்றாள். (அவள் புருஷனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். 'நீங்க' போட்டுப் பார்த்தேன், அவள் வாயில் நிற்கவில்லை.)

ஹோரஸ் வெள்ளைச் சட்டை போட்டான். பூட்ஸைத் துடைத்தான். லாரியை எடுத்துக்கொண்டு போனான். நடந்தே போயிருக்கலாம், மூன்று நிமிஷம். ஆனால் எடுத்துக்கொண்டு போனான்.

அகஃபியா வீட்டு வாசலுக்கு வண்டி போக முடிந்தது. போன வருஷம் வரை அங்கே தோணிதான் போகும். அவனே போட்ட கல்லின் மேல், அந்தப் பதினோரு லோடின் மேல், வண்டியை நிறுத்தினான். எதிரே ஒன்பது படி.

இறங்கவில்லை.

உள்ளே முரசு ஆரம்பித்தது. அழுகைப் பாட்டு முடிந்தது. ஆட்கள் பேசினார்கள், சிரித்தார்கள். துக்க வீட்டில் சிரிப்பு திரும்பி வரும் நேரம் அவனுக்கு நன்றாகத் தெரியும். பெயர் சொல்லித் தட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அண்டங்காக்கைப் பக்கத்து டிரைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். அவர்களும் போயிருந்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல்.

பிறகு அகஃபியாவே வாசலுக்கு வந்தாள். கையில் மரத்தட்டு, தட்டில் ஒரு கண்ணாடி ஜாடி. அந்தக் கடைசி நாள் வாளியில் தோண்டிய மட்டி. வேகவைத்து, ஜாடியில் அடைத்து, ஒரு வருஷம் வைத்திருந்தாள். மழையில் லாரியின் கண்ணாடி மங்கியிருந்தது. அவள் அவனைப் பார்த்தாளா என்று அவனுக்குத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

சற்று நிறுத்தி, மறுபடி.

"மூணாவது தடவ கூப்பிட்டப்ப குரல் கொஞ்சம் இறங்கிருச்சு" என்றார் ஹோரஸ். அதற்குப் பிறகு அவன் சாவியைத் திருகினான்.

6

மறுநாள் காலை லூயிசா வந்தாள். கையில் மற்றவர்களுக்குக் கொடுத்தது போல ஆப்பிள், பிஸ்கட், ஒரு கம்பளி, எதுவும் இல்லை.

"எங்க போன?"

"வண்டி வேலை."

"வண்டியத்தான் பாத்தோமே. வாசல்ல."

அவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான்.

"பெரியம்மா ஜாடியத் தொறக்காமலே கொண்டுபோய் அலமாரியில வச்சிருச்சு. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னோம்."

"வேற யாருக்காச்சும் குடுத்திருக்கலாமே?"

"போட்டது நீ. வேற யாரு வாங்குவா?" லூயிசா அடுப்பைப் பற்றவைத்தாள். "உனக்கு என்ன பயம்? திட்டுவாங்கன்னா? உன்கிட்ட என்ன பேசணும்னு ஒரு மாசமா ஒத்திகை பாத்துச்சு அது. வாசல்ல நின்னு பேசறதுக்கு. என் மருமவன் கை பட்டதால நிம்மதியா போச்சுன்னு சொல்றதுக்கு."

அகஃபியா அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தாள். கறுப்புத் துணியை எடுக்கவில்லை. துக்கம் இறங்காதவள் எடுக்க முடியாது. தெருவில் பார்த்தால், "சாப்ட்டியாடா?" என்பாள். "ஆச்சு அத்த" என்பான். அவ்வளவுதான். ஒருநாள்கூட அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பிறகாவது போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். வெளியாள் கேட்கிற கேள்விதான்.

"போகணும்னுதான் இருந்தேன்" என்றார். "மறுநாளே போகணும்னு இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் லேட்டாயிட்டே இருந்துச்சு."

அவள் செத்தபோது குழி தோண்டியது ஹோரஸ்தான். அது அவருடைய வேலை. அவளுடைய வருஷ விருந்துக்குப் போனார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஆளாக. அவளுக்குப் பிடித்ததைப் பரிமாறினார்கள்: உலர்த்திய சால்மன், கடல்நாய் எண்ணெய், உருளைக்கிழங்கு. மட்டி இல்லை. எங்கிருந்து வரும்? சாலையை அகலமாக்க அவள் வீட்டை இடிப்பதற்கு முன் உள்ளே சுத்தம் செய்யப் போனதும் எதிர்ப்பக்கத்தார்தான். அலமாரியின் பின்வரிசையில் ஜாடி இருந்தது. ஹோரஸ் அதைக் கோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். தின்ன முடியாது, விஷமாகியிருக்கும். எறியவும் முடியாது.

7

இப்போது என் பங்கு.

துவைக்கிற கடைப் பேச்சுக்குப் பிறகு மூன்று வருஷம் நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். குப்பை போட வெளியே வந்தால் எதிர்வாசலிலிருந்து ஹோரஸ் கேட்பார்:

"ஏறிட்டனா?"

"இன்னும் இல்ல."

"எந்தப் படியில நிக்கிறேன்?"

"ரெண்டாவது."

"மழையில ரொம்ப நேரம் நிக்க வச்சிராதய்யா. முட்டி வலி."

நான் பொய் சொன்னேன். இரண்டாவது படியிலும் அவர் இல்லை. லாரியிலேயே உட்காரவைத்திருந்தேன், வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. ஏற வைத்தால் பொய், ஏற வைக்காவிட்டால் வாக்குத் தவறல் என்று மூளையைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் முடிக்கலாம், கோடை வரட்டும், வேலைச் சுமை குறையட்டும். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். என் மேசையில் பதினான்கு தொடக்கங்கள் இருந்தன. அவர் செய்த தவறையே, அவரிடம் முழுக்கக் கேட்டுவிட்டு, அவருக்கே நான் செய்தேன். இதைவிட அழகாக இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து லூயிசா தெருவைக் கடந்து வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஜாடி.

"எங்க வீட்ல இது இருக்கக் கூடாது. எங்க பக்கம் குடுத்தது எங்க பக்கமே திரும்பி வந்த மாதிரி ஆவுது. அவரு பக்கத்து ஆளுங்ககிட்ட குடுத்தா அவங்களுக்கு உரிமையில்லாதது. ரெண்டு பக்கமும் இல்லாத ஆளு இந்தத் தெருவுல நீ ஒருத்தன்தான். வச்சுக்க."

வாங்கிக்கொண்டேன். உள்ளே ஏதோ சாம்பல் நிறத்தில் அடியில் படிந்திருந்தது. மூடி துருப்பிடித்திருந்தது.

"எழுதி முடிச்சிட்டியா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"அவரும் இப்படித்தான்" என்றார் லூயிசா. "போய்க்கிட்டே இருந்தாரு."

8

முடிவு, முதல் வகை. ஹோரஸ் லாரியை விட்டு இறங்குகிறான். ஒன்பது படி ஏறுகிறான். அத்தை தட்டைக் கொடுக்கிறாள். அவன் தின்கிறான், மணல் பல்லில் நறநறக்கிறது. அவள் கறுப்புத் துணியை அவிழ்க்கிறாள், முடி நரைத்திருக்கிறது. நான்கு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. தைரியமாக லூயிசாவிடம் வாசித்துக்காட்டினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கு" என்றார். "இது யாரு?"

முடிவு, இரண்டாவது வகை. நடந்தது நடந்தபடி. அதை மேலேயே படித்துவிட்டீர்கள்.

முடிவு, மூன்றாவது வகை. எழுத்தாளன் ஜாடியை எடுத்துக்கொண்டு போய், கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, இப்போது கடல் இருக்கிற இடத்தில் [

வேண்டாம். வைத்துக்கொள்ளத்தான் லூயிசா ஜாடியைக் கொடுத்தார், எறிவதற்கு இல்லை. சினிமாவில் செய்வார்கள்.

மூன்று வருஷமும் அதற்கு மேலும் உட்கார்ந்து ஏன் என்னால் இதை மூட முடியவில்லை என்று போன வாரம்தான் புரிந்தது. அகஃபியா முதல் நாளே சொல்லிவிட்டாள், நான்தான் கவனிக்கவில்லை. பங்காளி மண் தள்ளக் கூடாது. ஹோரஸுக்குத் தலையாட்டிய நிமிஷத்திலிருந்து நான் இந்தக் கதையின் பங்காளி. நான் ஓரமாக நின்று வருத்தப்படலாம், அதைச் செய்துகொண்டும் இருக்கிறேன். மூடுவது எதிர்ப்பக்கத்தார் வேலை. இந்தக் காகிதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

ஆகவே உங்களை அழைக்கிறேன். வெறும் கையோடு விட மாட்டேன், இடத்தைத் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம். மழை. கல் கொட்டிய தரையில் ஒரு டிப்பர் லாரி. உள்ளே வெள்ளைச் சட்டை போட்ட இருபத்தைந்து வயதுக்காரன். எதிரே ஒன்பது படி, மேலே வாசலில் ஒரு உயரமான பெண், கையில் தட்டு. ஜாடியின் மூடி புதிது, பளபளக்கிறது. ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த பேச்சு அவள் வாயில் தயாராக இருக்கிறது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டாவது முறையும் கூப்பிட்டுவிட்டாள்.

மூன்றாவது முறை இன்னும் கூப்பிடவில்லை. ஐந்தாம் பகுதியில் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறேனே என்பீர்கள். அங்கே போய் அந்த வரியை அடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. அவள் மூன்றாவது முறை கூப்பிடாத வரை இவன் தாமதமானவன் இல்லை. வருகிறவனுக்காக ஒரு வீடு முழுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவனுடைய ஒரு கை சாவியில் இருக்கிறது. இன்னொரு கை கதவுப் பிடியில் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு அனுமதி அவ்வளவுதான். எந்தக் கை முதலில் அசைகிறது என்பதை நீங்கள்